புதினாத் தைலமும் பயறு பாதுகாப்பும்

பயிரை விளைவிப்பதில் குடியானவர்கள் காட்டும் சிரத்தையில் பாதியளவேனும் விளைந்ததைக் காப்பதில் காட்டப்படுவதில்லை. தண்ணீர் வசதியுள்ள ஜில்லாக்களில் இக்குறையை அடுத்த போகம் ஓரளவு ஈடு செய்துவிடும். இராமநாதபுரம் சீமையின் நிலைமை வேறு. இங்கே வருஷத்துக்குப் பெய்யும் மழை சுமார் 800 மில்லிமீட்டர்; அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக் காற்றால் கிடைப்பது. அந்தச் சில வாரங்களுக்குள் விதை நிலத்தில் விழுந்தாக வேண்டும். விதைக்கென்று எடுத்து வைத்த உளுந்தையோ தட்டைப்பயற்றையோ புரட்டாசியில் திறந்து பார்க்கும்போது ஒவ்வொரு மணியிலும் துளை விழுந்து, கையில் அள்ளினால் மாவு உதிருமாயின், அக்குடும்பம் இழப்பது ஒரு மூட்டைப் பயறு மட்டுமன்று. அவ்வருஷத்து மழையையே இழக்கிறது.

இந்நஷ்டத்தைச் செய்வது பயற்று வண்டு. கபில நிறமுள்ள இச்சிறு வண்டு, மணியின் மேல்தோலில் வெள்ளைப் புள்ளி போன்ற முட்டையைப் பசையிட்டு ஒட்டி வைக்கும். முட்டையிலிருந்து வெளிப்படும் புழு நேரே மணிக்குள் துளைத்துச் சென்று, பருப்பைத் தின்று வளர்ந்து, அங்கேயே கூட்டுப்புழுவாகி, ஏறக்குறைய ஒரு மாதத்தில் வட்டமான துளையிட்டு வண்டாய் வெளியேறும். வெளிவந்த வண்டு பயற்றைத் தின்பதில்லை. இணை சேர்ந்து முட்டையிடுவதே அதன் தொழில். ஒரு பெண் வண்டு 80 முட்டை இட்டு, அவற்றில் பாதி பெண்ணாகும் என்று கொண்டால், முதல் மாதத்தில் 80, இரண்டாம் மாதத்தில் 3,200, மூன்றாம் மாதத்தில் 1,28,000 என்று கணக்கு ஏறுகிறது. எல்லாம் பிழைப்பதில்லை என்பது மெய்யே. ஆயினும், மாசியில் குறையின்றிக் காணப்பட்ட பயறு வைகாசிக்குள் சல்லடையாவது எவ்வாறு என்பதை இக்கணக்கு விளக்கும். பூச்சி வீட்டிலேதான் பிடிக்கிறது என்று நினைப்பதும் தவறு. வயலில் முற்றிய நெற்றின்மேலேயே இவ்வண்டு முட்டையிடுவதுண்டு. அறுவடையோடு அது களத்துக்கும், களத்திலிருந்து வீட்டுக்கும் வந்து சேர்கிறது.

இதற்குப் பரிகாரமாகப் பலரும் இப்போது நாடுவது, ஜனங்கள் வெறுமனே ‘மாத்திரை’ என்று சொல்லும் அலுமினியம் பாஸ்பைடு. அது காற்றின் ஈரம் பட்டவுடன் பாஸ்பீன் என்னும் விஷவாயுவை வெளியிடும். 3 கிராம் மாத்திரை ஒன்று 1 கிராம் வாயுவைத் தரும். பெரிய கிடங்குகளில், பயிற்சி பெற்றவர் கையில், அது பயனுள்ள சாதனம். ஆனால் ஜனங்கள் படுத்துறங்கும் வீட்டில், அடுக்களையை ஒட்டிய அறையில், மூட்டைக்குள் இரண்டு மாத்திரையைப் போட்டு வைப்பது உயிரோடு விளையாடுவதாகும். அவ்வாயுவை முறிக்கும் மாற்று மருந்து வைத்திய சாஸ்திரத்தில் இன்றுவரை இல்லை. அதனாலேயே அதனைப் பொதுஜனங்களுக்கு விற்பதைச் சர்க்கார் கட்டுப்படுத்தியிருக்கின்றனர். கட்டுப்பாட்டையும் மீறி மாத்திரை வீட்டுக்குள் வருகிறதென்றால், அதற்குப் பதிலாகக் குடியானவர் கையில் வேறொன்று இல்லை என்பதே காரணம். இந்த இடத்திலேதான் புதினாத் தைலத்தைப் பற்றிய விசாரணை பிரயோஜனப்படுகிறது.

கீழக்கரையில் புதினாவை அறியாத வீடு இல்லை. விருந்துச் சமையல் அதன் வாசனையோடுதான் அடுப்பிலிருந்து இறங்குகிறது. தைலத்தையும் அறியாதவர் இல்லை. கடல் கடந்து பிழைக்கச் சென்றவர்கள் ஊர் திரும்பும்போது பெட்டியில் கொண்டுவரும் கோடாலித் தைலத்தில் மூக்கைக் குளிரச் செய்யும் மென்தால் என்பது புதினா வகையிலிருந்து கிடைக்கும் சத்தேயாகும். எனினும் அத்தகைய மருந்துத் தைலங்களில் கர்ப்பூரம், நீலகிரித் தைலம் முதலிய வேறு பொருள்களும் சேர்ந்திருப்பதால், அவற்றைத் தானியத்தின் பக்கம் கொண்டு போகலாகாது. இங்கே சொல்லப்படுவது கலப்பற்ற புதினாத் தைலம்.

புதினாவில் பல இனங்கள் உண்டு. தைலத்துக்கென்று நம் நாட்டில் மிகுதியாகப் பயிராவது ஜப்பான் புதினா. அதன் தைலத்தில் மென்தால் நூற்றுக்கு 70 முதல் 80 பங்கு வரை இருக்கும். மேல்நாட்டு மிளகுப் புதினாத் தைலத்தில் அது ஏறக்குறைய 40 பங்கே. ஒரு காலத்தில் உலகுக்கு வேண்டிய மென்தால் ஜப்பானிலிருந்து வந்து கொண்டிருந்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் அவ்வரத்து நின்றுபோகவே, பிரேஸில் தேசம் அவ்வியாபாரத்தைப் பிடித்துக்கொண்டது. 1950-களில் ஜப்பான் புதினா இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. 1959-ஆம் வருஷத்தில் தொடங்கிய, லக்னோவிலுள்ள மத்திய மருந்துச் செடி ஸ்தாபனம் நல்ல ரகங்களைப் பிரித்துக் கொடுத்ததன் பயனாக, உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கி முதலான ஜில்லாக்களில் கோதுமைக்கும் நெல்லுக்கும் இடைப்பட்ட கோடைக்காலத்தில் அது பெரும் பயிராயிற்று. இன்று இயற்கை மென்தால் உற்பத்தியில் உலகத்தில் முதலிடம் நம் நாட்டுக்கே. அறுத்த செடியைச் சற்று வாட விட்டு, பெரிய வாலையில் இட்டு நீராவி செலுத்தினால், தைலம் ஆவியோடு கிளம்பி, குளிர்ந்த குழாயில் மறுபடி திரவமாகி, நீரின்மேல் மிதக்கும். 100 கிலோ செடியிலிருந்து ஒரு கிலோவுக்கும் குறைவாகவே தைலம் இறங்கும்; விலை உயர்ந்திருப்பதன் காரணம் இதுவே.

இத்தைலம் பூச்சியை எவ்வாறு கொல்கிறது? தைலத்தின் ஆவி பூச்சியின் உடலில் வரிசையாயுள்ள சுவாசத் துளைகளின் வழியே உட்புகுந்து அதன் நரம்பு மண்டலத்தைக் குலைக்கிறது. பூச்சிகளின் நரம்புகளில் செய்தி கொண்டு செல்லும் பொருள்களில் ஆக்டோபமின் என்பது ஒன்று. மனித உடலில் அதற்கு அத்தகைய முக்கிய ஸ்தானம் இல்லை. வாசனைத் தைலங்களில் பல, அந்த ஆக்டோபமின் வேலை செய்யும் இடத்தையே தாக்குகின்றன என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். பூச்சிக்கு விஷமாகும் அளவு நமக்கு அவ்வளவு தீங்கு செய்யாமைக்கு இஃது ஒரு காரணம். அமெரிக்க சர்க்கார் 1996-ஆம் வருஷத்தில், அபாயம் மிகக் குறைந்தவை என்று பதிவிலிருந்து விலக்களித்த பூச்சி நிவாரணப் பொருள்களின் ஜாபிதாவில் மிளகுப் புதினாத் தைலமும் இடம்பெற்றது.

ஆகவே புதினாவின் பலமெல்லாம் அதன் ஆவியில் இருக்கிறது. அதன் பலவீனமும் அதுவே, ஆவி நில்லாது. மூடிய கலத்தில் வைத்தால் கலம் முழுதும் பரவி மணிகளின் இடுக்கிலெல்லாம் நுழையும். மூடி இல்லையேல் சில மணி நேரத்தில் வாசனையும் போய்விடும், பயனும் போய்விடும். இந்த ஒன்றை மனத்தில் கொண்டால் இத்தைலத்தை எங்கே உபயோகிக்கலாம், எங்கே உபயோகிப்பது பணத்தை வீணாக்குவதாகும் என்பது தானே விளங்கும்.

கீழக்கரைப் பக்கத்தில் பனையோலைப் பெட்டியும் கொட்டானும் அழகுற முடையப்படுகின்றன. பயறும் அவற்றில் வைக்கப்படுவதுண்டு. காற்றோட்டம் வேண்டிய பண்டங்களுக்கு அவை மிகச் சிறந்தவை. ஆனால் ஓலைப் பெட்டியிலும் கோணிச் சாக்கிலும் புதினாத் தைலம் இடுவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதேயாம். இறுக மூடும் தகர டின், மூடியோடு கூடிய பிளாஸ்டிக் பீப்பாய், வாயை மெழுகித் துணி கட்டிய மண் சாடி ஆகிய இவையே தகுந்த பாத்திரங்கள்.

இவ்விடத்தில் வியாபாரிகள் சொல்லாத ஒரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். இறுகிய மூடியே தனித்து நின்று பாதி வேலையைச் செய்துவிடும். காற்றுப் புகாத கலத்தில் பூச்சிகள் உள்ளிருக்கும் பிராணவாயுவைத் தாமே சுவாசித்துத் தீர்த்துவிட்டு, பெருக முடியாமல் மடிகின்றன. ஆப்பிரிக்காவில் காமரூன் தேசத்துக் குடியானவர்களின் தட்டைப்பயற்றைக் காப்பதற்காக அமெரிக்கப் பர்டியூ சர்வகலாசாலையார் 1980-களின் பிற்பகுதியில் வகுத்த மூன்றடுக்குப் பை இத்தத்துவத்தையே கொண்டது. அதில் மருந்து ஒன்றும் கிடையாது. ஆதலால் தைலத்துக்குச் சேரும் புகழில் எவ்வளவு மூடிக்கு உரியது என்று பார்த்த பிறகே பணம் செலவிடுவது விவேகம்.

அதைப் பார்ப்பதற்குச் சங்கத்தின் கட்டிடமே போதும். ஒரே களத்துப் பயற்றை நன்கு காயவைத்து, மூன்று பங்காக, பங்குக்கு 5 கிலோ வீதம் பிரிக்கலாம். முதற் பங்கு வழக்கம்போல் சாக்கில் இருக்கட்டும். இரண்டாவது, இறுக மூடிய டின்னில் தைலமின்றி. மூன்றாவது, அதே அளவுள்ள டின்னில், சில துளி தைலம் நனைத்த பஞ்சை மெல்லிய துணியில் முடிந்து மூடியின் அடியில் தொங்கவிட்டு. பஞ்சு பயற்றின்மேல் படலாகாது. தொடக்கத்திலும், பின்னர் மாதம் ஒரு முறையும், ஒவ்வொன்றிலிருந்தும் 100 மணி எடுத்துத் துளை விழுந்தவை எத்தனை என்று எண்ணிப் புத்தகத்தில் எழுதிவர வேண்டும். மூன்று மாதத்தில் அங்கத்தினர் யாவரும் கண்ணால் கண்டு தீர்மானிக்க முடியும். இரண்டாம் டின்னுக்கும் மூன்றாம் டின்னுக்கும் வித்தியாசம் இல்லையென்றால் தைலம் வாங்க வேண்டுவதில்லை. நல்ல மூடிகளை மொத்தமாக வாங்கினால் போதும்.

பஞ்சை ஒரு முறை வைத்து மறந்துவிடுவதும் பயன் தராது. ஆவி, வண்டையும் முட்டையையும் தாக்குமளவு, மணிக்குள் ஒளிந்திருக்கும் புழுவைத் தாக்குவதில்லை. உள்ளிருக்கும் புழு வண்டாகி வெளிவரும் நாளில் கலத்தில் ஆவி இருந்தாக வேண்டும். ஆகையால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பஞ்சைப் புதுப்பித்து, முதல் இரண்டு மாதம் விடாமல் தொடர்வது நலம். இதற்கும் முன்னதாகச் செய்ய வேண்டிய காரியம் ஒன்றுண்டு: வெயில். பல்லில் கடித்தால் ‘டக்’கென்று உடையும்வரை பயற்றைக் காயவைத்து, ஆறவிட்டுக் கலத்தில் இட வேண்டும். ஈரப் பயற்றை மூடி வைத்தால் வண்டுக்குப் பதில் பூஞ்சணம் வரும்.

விதைப் பயறு வைத்திருப்போர் இன்னும் அதிக ஜாக்கிரதையாயிருக்க வேண்டும். புதினா வகைத் தைலங்களுக்கு முளையை அடக்கும் குணம் உண்டு. ஐரோப்பாவில் கிடங்கிலுள்ள உருளைக்கிழங்கு முளைவிடாதிருக்கும் பொருட்டே ஈட்டிப் புதினாத் தைலத்தின் ஆவியைச் செலுத்துகின்றனர். கிழங்கு வியாபாரிக்கு அனுகூலமாகிய அக்குணம் விதைக்காரருக்குப் பிரதிகூலம். அளவு மிஞ்சினால், வண்டு தின்னாத விதை, ஆனால் முளையாத விதை என்ற விபரீதம் நேரும். எனவே பரீக்ஷைக் கலத்திலிருந்து 100 மணி எடுத்து ஈரத் துணியில் சுற்றி வைத்து, முளைத்தவற்றை எண்ணி, சாக்கில் இருந்த பயற்றோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் விதைக்கு இதனை உபயோகிக்கலாகாது. விதைக்கு நம் பெரியோர் கையாண்ட செம்மண் கட்டும் முறையும், கிலோவுக்கு 5 மில்லிலிட்டர் கடலை எண்ணெயோ ஆமணக்கெண்ணெயோ பூசிப் பிசறி வைக்கும் முறையும் இன்றும் நம்பத்தக்கவை. எண்ணெய்ப் பூச்சு முட்டையை மூச்சடைக்கச் செய்து பொரியாமல் தடுக்கிறது. நொச்சி இலையும் சாம்பலும் தீங்கற்றவை. வசம்பைத் தானியத்தில் போடுவது பழைய வழக்கமாயினும், அதிலுள்ள அசரோன் என்னும் பொருள் புற்றுநோய்க்கு ஏதுவாகலாம் என்று பரிசோதனைகளில் கண்டிருப்பதால், உண்ணும் தானியத்தில் அதைத் தவிர்ப்பதே நல்லது.

இனி வயலைப் பற்றி. முதுகுளத்தூர், கமுதிப் பக்கங்களில் மானாவாரியாக விளையும் முண்டு மிளகாய் 2023-ஆம் வருஷத்தில் புவிசார் குறியீடு பெற்றது. அந்தப் பெயரை விலையாக மாற்றுவதற்குத் தடையாக நிற்பது பூச்சி மருந்தின் மிச்சம். வெளிதேசத்தார் வற்றலைச் சோதித்து, மிச்சம் அளவுக்கு மேற்பட்டால் சரக்கைத் திருப்பிவிடுகின்றனர். மருந்தைக் கூட்டிக்கொண்டே போவதாலும் பயன் இல்லை. 2021-ஆம் வருஷக் கடைசியில் ஆந்திரம், தெலங்கானா மிளகாய் வயல்களில் புதுவகை இலைப்பேன் பெருகியபோது, திரும்பத் திரும்ப மருந்தடித்தவர்களும் பயிரை இழந்தனர். புதினாத் தைலம் மிச்சம் வைக்காதாகையால் மிளகாய்க்கு அதுவே மருந்து என்று சிலர் சொல்லக் கேட்கலாம். மிச்சம் வைக்காது என்பது உண்மை; ஏனெனில் அது இலையில் தங்குவதேயில்லை. கடற்காற்று வீசும் திறந்த வெளியில், பங்குனி வெயிலில், தெளித்த தைலம் அன்று மாலைக்குள் மறைந்துவிடும். மேலே பட்ட பூச்சி சாகும்; மறுநாள் பறந்து வரும் பூச்சிக்குத் தடை இல்லை. அளவைக் கூட்டினால் இலை கருகும். காய்ந்த வற்றலோடு சேர்த்து மூடி வைப்பதும் கூடாது. மிளகாயில் புதினா வாசனை ஏறினால் பரமக்குடிச் சந்தையில் அதை யார் வாங்குவர்?

வயலுக்கு ஏற்ற மருந்து இந்த ஜில்லாவின் ஒவ்வொரு சாலையோரத்திலும் நிற்கிறது. 1959-ஆம் வருஷத்தில் சூடான் தேசத்தில் வெட்டுக்கிளிப் படை பச்சையெல்லாம் தின்று தீர்த்தபோது, வேப்பமரங்கள் மட்டும் தப்பி நின்றதை ஷ்முட்டரர் என்னும் ஜெர்மானிய சாஸ்திரி கண்டார். மேல்நாட்டாரின் வேப்ப ஆராய்ச்சி அதனால் ஊக்கம் பெற்றது. பின்னர், வேப்பெண்ணெயால் பூஞ்சணத்தைத் தடுக்கும் முறைக்கு ஐரோப்பாவில் 1994-இல் வழங்கப்பட்ட தனியுரிமை, இது இந்தியர் முன்பே அறிந்ததென்ற வாதத்தின்மேல் 2000-இல் ரத்தாகி, 2005-இல் அத்தீர்ப்பு உறுதியாயிற்று. வேப்பங்கொட்டையிலுள்ள அஸாடிராக்டின், புதினாவைப் போல் உடனே கொல்வதன்று. பூச்சியைத் தின்னவொட்டாமலும் தோலுரித்து வளரவொட்டாமலும் செய்வது. சில நாளேனும் இலையில் நிற்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் கூறும் முறை இது: நிழலில் உலர்ந்த வேப்பம்பருப்பு 5 கிலோவை இடித்துத் தூளாக்கி, 10 லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து, காலையில் பால்போல் வெளுக்கும்வரை கலக்கி, இரட்டை மல் துணியில் வடிகட்டி, 100 லிட்டராகப் பெருக்கி, 200 கிராம் சோப்பைக் கரைத்துச் சேர்த்து, அன்றே தெளித்துவிட வேண்டும். வெயில் தாழ்ந்த பின்னரே தெளிக்கலாம். எட்டு மாதத்துக்கு மேற்பட்ட கொட்டை உதவாது. ஆகவே ஆனி, ஆடியில் உதிரும் பழங்களைப் பொறுக்கி உலர்த்தி வைத்தால் மார்கழி, தை மாதத்து மிளகாய்க்குச் சரியாயிருக்கும்.

புதினாவைக் கீழக்கரையிலேயே பயிரிட்டுத் தைலம் வடிக்கலாகாதா என்ற கேள்விக்கு, வேண்டாம் என்பதே விடை. அப்பயிருக்குக் கோடையில் வாரந்தோறும் நல்ல தண்ணீர் வேண்டும். மணலும் உவர்நீரும் உள்ள கடற்கரையில், குடிநீருக்கே குடத்தோடு காத்திருக்கும் ஊரில், அதற்கு நீர் பாய்ச்சுவது நியாயமுமாகாது. தைலத்தை வாங்குவதே சரி. வீட்டுக்கு வேண்டியது சில மில்லிலிட்டரேயாகையால் தனித்தனியாக வாங்காமல், கூட்டுறவுச் சங்கத்தின் மூலம், பரிசோதனைச் சீட்டுடன் ஒரு கிலோ தருவித்துப் பகிர்ந்துகொள்ளலாம். சீட்டில்லாத தைலத்தில் கலப்படம் மலிவு.

தைலப் புட்டியைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். தொட்டில் குழந்தையின் மூக்கருகே மென்தால் பட்டால் மூச்சுத் திணறும். கலத்தைத் திறக்கும்போது முகத்தை விலக்கி, பயற்றை ஒரு நாள் காற்றாட விரித்து, வாசனை போன பின்பே சமைப்பது நலம். கடைசியாக, சங்க நிர்வாகிகள் ஒரு சட்டத்தை அறிந்திருப்பது அவசியம். 1968-ஆம் வருஷத்துப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி, ஒரு பொருளைப் பூச்சி மருந்தென்று பெயரிட்டு விற்பதற்குப் பதிவு வேண்டும். தம் வீட்டுக்கும் தம் நிலத்துக்கும் ஒருவர் உபயோகித்துக்கொள்வதை அச்சட்டம் தடுப்பதில்லை. ஆதலால் சங்கம் புதினாத் தைலத்தைத் தைலமென்றே வாங்கி, தைலமென்றே ரசீது கொடுத்து அங்கத்தினருக்குப் பங்கிடலாம். ‘வண்டு மருந்து’ என்று சீட்டு ஒட்டிக் கடைக்கு அனுப்பலாகாது.